பெட்டியைத் தெறந்து குடுங்க அம்மிணி

கடைக்காரரு இல்லீங்களா?

ஓ, நீங்கதானுங்களா. தப்பா எடுத்துக்காதீங்க அம்மிணி. கம்ப்யூட்டர் சர்வீஸுன்னு போர்டைப் பாத்ததும் ஆம்பளையாளு யாராச்சும் இருப்பாருன்னு நெனச்சுப்போட்டேன். யாரா இருந்தா என்ன, வேலை ஆனாப் போதும். இந்தக் கம்ப்யூட்டர் பெட்டியை எங்க வெக்கட்டுமுங்க? கனமாக் கனக்குது. சோமனூர்ல இருந்து பஸ்ஸுல மடியிலயே வெச்சுட்டு வந்தேன். எங்கூர்லயும் கடை இருக்குதுங்க, இல்லாம இல்ல. அங்க குடுத்தா பொழுதோட ஊர் பூராத் தெரிஞ்சுரும். அதான் பல்லடத்துக்குத் தூக்கிட்டு வந்துட்டேன்.

நான் சென்னியப்பனுங்க. தறி ஓட்டறேன். ஊட்டுக்குப் பின்னாலயே தறி போட்ட செட்டு.

இதுல ரெண்டு கோளாறுங்க. ஒண்ணு, ஸ்லோ. சாதாரண ஸ்லோ இல்ல. காலைல போட்டு வுட்டுட்டு, பல்லு வெளக்கி, குளிச்சு, டீ குடிச்சுப்போட்டு வந்து பாத்தாலும் அந்த வட்டம் சுத்திக்கிட்டேதான் கெடக்கும். ரெண்டாவது, தெறக்க மாட்டேங்குது. பாஸ்வேர்டு கேக்குது. அது என்ற பொண்டாட்டி துளசிமணிக்குத்தான் தெரியும். அவ ஊட்ல இல்லீங்க. போயிட்டா. எங்க போனான்னு இதுக்குள்ளதான் இருக்குது. போறதுக்கு மின்னால இதுலதான் உக்காந்து என்னமோ தேடிட்டு, யாருக்கோ எழுதிட்டு இருந்தா. நீங்க தெறந்து குடுத்தீங்கன்னா எடம் தெரிஞ்சுரும். எடம் தெரிஞ்சா போயி இழுத்துட்டு வந்துருவேன். அவ்வளவுதான் வேலை.

அந்த நெளிவுங்களா? அது தட்டுனதுங்க.

எங்க தொழில் அப்படி அம்மிணி. தறி மக்கர் பண்ணுனா மெக்கானிக்கு வர்ற வரைக்கும் கையைக் கட்டிட்டு நிக்க முடியாது. சுத்தியலாட்டம் மரக் கொட்டாப்புளி ஒண்ணு கையிலயே இருக்கும். எங்க தட்டோணும்னு தெரிஞ்சு ஒரு தட்டு தட்டுனா ஓடும். மறுபடி நின்னா மறுபடி ஒரு தட்டு. நான் சின்னப்பையன்ல இருந்து அப்படித்தான் ஓட்டறேன். இதையும் ஒரு நாள் பொறுத்துப் பொறுத்துப் பாத்துப்போட்டு வெச்சேன் ஒண்ணு. ஓடுச்சுங்க! சத்தியமா ஓடுச்சு. படபடன்னு எல்லாம் வந்துருச்சு. துளசிமணியைக் கூப்பிட்டுக் காட்டுனேன், பாத்தியா, எதுக்கும் ஒரு தட்டு வேணும்னு. அவ பாத்துட்டு அடுப்படிக்குப் போயிட்டா. அவ எப்பயுமே ஒண்ணுஞ் சொல்றதில்லீங்க. அதுவே எனக்குப் பாதிக் கோவம்.

உள்ள ஏதோ லூசா இருந்தது தட்டுனதுல ஒக்காந்துருச்சுங்கறீங்களா? அதைத்தானுங்க நானுஞ் சொல்றேன்.

தெறங்க, தெறங்க. அம்மாடி, எத்தனை பஞ்சு! தறிச் செட்டுப் பக்கத்துல இருந்தா அப்படித்தான். எங்க நெஞ்சுக்குள்ளயும் இப்படித்தான் கெடக்கும்.

ஸ்லோ ஆனதுக்குக் காரணம் கேக்கறீங்களா? அது பெரிய கதைங்க. எங்க தறிக்காரங்க சங்கத்துல ஒரு மீட்டிங்கு போட்டாங்க. ஆன்லைன்ல திருடறாங்க, ஜாக்கிரதையா இருங்கன்னு ஒருத்தரு வந்து பேசுனாரு. எங்கூர்க்காரரு ஒருத்தரு ஏதோ ஒரு லிங்கைத் தொட்டுப்போட்டு பேங்குல இருந்ததைப் பூராத் தொலைச்சுட்டு, தலையில துண்டைப் போட்டுட்டு அங்கயே ஒக்காந்திருந்தாரு. எனக்குச் சோறு எறங்கல. யோசிச்சுப் பாருங்க, ஊட்டுக்குள்ள வராம, பூட்டை ஒடைக்காம, மொகத்தையே காட்டாம ஒருத்தன் எடுத்துட்டுப் போறான்னா அவனை எப்படி அடிக்கறது? எதிர்ல வந்தான்னா மண்டையைப் பொளந்துருவேன். வரமாட்டேங்கறானே. அந்த ஆத்தரத்துலயே ரொம்ப நாள் இருந்தேனுங்க. செட்டுல நூலு அறுந்தாக் கூட அவன்தான் அறுத்தான்னு தோணும்.

மீட்டிங்குல ஆன்டிவைரஸ் போடுங்கன்னாரு. போட்டேன். ஒண்ணு போதுமான்னு ரோசனை வந்துச்சு. ஒரு வாச்மேன் தூங்கிட்டா இன்னொருத்தன் முழிச்சிருக்கோணுமில்லீங்களா? இன்னொண்ணு போட்டேன். அப்பறம் சும்மா கெடைக்குதுன்னு இன்னொண்ணு.

என்னங்க, ஒண்ணையொண்ணு திருடன்னு நெனச்சுப் புடிச்சு மல்லுக்கட்டுதா? அதுலயே பெட்டி தெணறிப் போச்சுங்கறீங்களா? அப்ப ஸ்லோ ஆனதுக்கு நாந்தான் காரணமா? இல்லீங்க அம்மிணி, நீங்க நல்லாப் பாருங்க. அவ என்னமோ பண்ணியிருப்பா.

அந்த அப்டேட்டுன்னு ஒண்ணு வருமே கீழ மூலையில. பண்ணட்டுமா பண்ணட்டுமான்னு. நம்மூட்டுக் கதவை எவனோ வெளியில நின்னு தட்டி, உள்ள வந்து சரி பண்ணட்டுங்களான்னு கேட்டா வுடுவமா? அவ வுட்டுட்டாளுங்க. நான் வந்து பாக்கறேன், என்னமோ உள்ள எறங்கிட்டு இருக்குது. "அது ஓட்டையை அடைக்கறதுக்கு கம்ப்யூட்டர் கம்பெனிக்காரங்களே அனுப்பறதுங்க மாமா, பண்ணாட்டித்தான் திருடன் வருவான்"னா. எனக்கே பாடம் எடுக்கறயான்னு ஒண்ணு குடுத்தேன். பீரோ முனையில போயி வுழுந்தா. அன்னைக்கே அந்த அப்டேட்டை மொத்தமா நிறுத்திப்போட்டேன். அதுக்கப்பறம் ஒருத்தனும் கதவைத் தட்டல.

ஏன், அவ சொன்னதுதான் சரிங்களா?

சரி, அது கெடக்கட்டும். பாஸ்வேர்டு கதையைச் சொல்லோணும், அப்பத்தான் உங்களுக்குப் புரியும். பாஸ்வேர்டை யார்கிட்டயும் சொல்லாதீங்க, கட்டுன பொண்டாட்டிகிட்டக் கூட, புருசங்கிட்டக் கூடச் சொல்லாதீங்கன்னாரு மீட்டிங்குல பேசுன அந்தாளு. எனக்கு டைப்படிக்க வராதுங்க. பில்லு போடறது, நூல்காரனுக்கு மெயிலு அனுப்பறது, பேங்குல பாக்கறது, எல்லாம் துளசிமணிதான். பன்னெண்டாவது வரைக்கும் படிச்சவ. அப்ப பாஸ்வேர்டும் அவகிட்டத்தானே இருக்கும்? அவளைத் தயார் பண்ண வேண்டியது என்ற பொறுப்பு ஆயிப்போச்சு.

ஒரு நாள் சோறுண்ணுட்டு இருக்கறப்ப, சும்மா கேக்கறாப்புல, "துளசி, பாஸ்வேர்டு என்ன?"ன்னேன். டக்குனு சொல்லிப்போட்டாளுங்க! வுட்டேன் ஒரு அறை. தட்டுல இருந்த ரசஞ்சோறு செவுத்துல போயி ஒட்டுச்சு. "ஏனுங்க, நீங்கதானே கேட்டீங்க"ன்னு அழுவுறா. "நான் கேட்டாலுஞ் சொல்லக் கூடாது. நானாட்டப் பேசி வேற எவனாச்சும் கேட்டா?"ன்னேன். சரியான கேள்விதானே? மாத்திட்டா.

அப்பறம் ஒருக்கா அவளுக்குக் காய்ச்சல். படுத்துக் கெடந்தா. பக்கத்துல உக்காந்து, தலையைத் தடவிக் குடுத்துட்டே மெதுவாக் கேட்டேன். கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க அவளுக்கு. அப்படி நான் தலையைத் தடவுனதே இல்ல போல. சொல்லிப்போட்டா. காய்ச்சல்காரின்னு பாக்காம எந்திரிக்க வெச்சு அடிச்சேன். எனக்கும் வருத்தந்தான், இல்லீன்னு சொல்லல. ஆனா பாருங்க, பாசமாக் கேட்டா குடுத்துருவா. திருடன் பாசமாத்தானே வருவான்?

அதுக்கப்பறம் வாயைத் தெறக்கவே மாட்டா. அதையும் சோதிக்கோணுமில்லீங்களா? கையை முறுக்கிக் கேட்டேன், சொல்லல. முடியைப் புடிச்சுச் செவுத்துல ஒரு இடி இடிச்சுக் கேட்டேன், பல்லைக் கடிச்சுட்டு நிக்கறா, சொல்லல. எனக்கு அப்படியொரு பெருமைங்க அம்மிணி. அன்னைக்குச் சோமனூர் சந்தைக்குப் போயி மல்லியப்பூ வாங்கியாந்து குடுத்தேன். வாங்கி சாமி படத்துல வெச்சுட்டா. தலையில வெக்கல.

உள்ள தெரியுதுங்களா? பாஸ்வேர்டு போடாமயேவா? அந்தப் பென்டிரைவைச் சொருகுனதுலயா? அட அட! அப்ப நான் இத்தனை நாளாப் பாடுபட்டதெல்லாம்... இவ்வளவு சுலபமாத் தெறக்கறதுக்கா நான் அவளை அந்தப் பாடு படுத்துனேன்? என்ன இருக்குது? அவ எழுதுனது இருக்குதுங்களா?

சரி, சரி. நான் எட்டிப் பாக்கல. நீங்க மொதல்ல பாருங்க. நான் இப்படி ஸ்டூல்லயே உக்காந்துக்கறேன்.

ஏன் மொகம் அப்படி ஆயிருச்சு? ஒடம்புக்கு ஏதாச்சும் சரியில்லீங்களா? தண்ணி குடிங்க.

எந்தக் காதா? எதுக்குங்க கேக்கறீங்க? துளசிமணிக்கு எடது காது கேக்காது. அதுலயே எழுதியிருக்காளா? அது அவிங்கம்மா ஊட்டு வழிங்க. அவிங்களுக்கு வயசான காலத்துல கேக்காமப் போச்சு, இவளுக்குக் கொஞ்சம் மின்னமே வந்துருச்சு. அதுலயும் எனக்குத்தான் தொந்தரவு. கூப்பிட்டாத் திரும்ப மாட்டா. வேணும்னே பண்றாளா, கேக்காமப் பண்றாளான்னு எனக்கு எப்படித் தெரியும்? கிட்டப் போயி ஒண்ணு வெச்சாத்தான் திரும்புவா.

எங்களுக்கு ஒரே பொண்ணுங்க, மிருதுளா. கோயமுத்தூர்ல காலேஜு. இந்தக் கம்ப்யூட்டரே அவளுக்கு வாங்குனதுதான். பாசமா வளத்த பொண்ணு. ஒரு லீவுக்கு வந்தப்ப இதுல யார்கூடயோ பேசிட்டு ஒக்காந்திருந்தா. எடுடி கையைன்னேன். "இருங்கப்பா, அனுப்பிட்டு வரேன்"னா. அந்தக் கீபோர்டு வெக்கற பலகை இருக்குமே, இழுத்தா வர்றது, அதை ஒரே தள்ளாத் தள்ளுனேன். சும்மா பயமுறுத்தறதுக்கு. வெரலு உள்ள இருந்தது எனக்குத் தெரியுமுங்களா? ரெண்டு வெரலு ஒடைஞ்சு போச்சு. பரீச்சை நேரம் வேற. அதுல இருந்து பாப்பா ஊட்டுக்கே வர்றதில்ல. படிப்பு ஜாஸ்தி, அதான் வர முடியறதில்லன்னு நெனைக்கறேன்.

ஆமாங்க, அதுக்கப்பறம்தான் இவ இதுல உக்காந்து தேட ஆரம்பிச்சுருக்கா. எனக்குத் தெரியல. சமையல் பண்றான்னு நெனச்சுட்டு நான் செட்டுல நிக்கறேன். ஒரு நாள் தண்ணி குடிக்க உள்ள வந்தேன். என்னைப் பாத்ததும் மூடறதுக்குப் பாத்தா. பெட்டி வுட்டாத்தானே! வட்டம் சுத்துது, மூட மாட்டேங்குது. அவ அமுக்கறா, அமுக்கறா. ஒரு பக்கம் மேல இருந்து கொஞ்சங் கொஞ்சமா எறங்கிட்டு இருந்துச்சு. வரிசையாக் கட்டில் போட்ட ரூம்பு. பெண்கள் தங்கும் விடுதின்னு எழுத்து. பனியன் கம்பெனியில வேலைன்னும் ஒரு வரி. கீழ அட்ரஸு வர்ற எடம், இன்னும் வரல.

எனக்குக் கண்ணு இருட்டிருச்சுங்க. கொட்டாப்புளி கையிலயே இருந்துச்சு. மானிட்டர் மேல போட்டேன். சில்லுச் சில்லாப் போச்சு. சித்த நேரம் பொறுத்திருந்தா ஊர் பேரு வந்திருக்கும். என்ற அவசரம்.

அப்பறம் என்ன, மவுஸைப் புடுங்கி, அந்த ஒயராலயே அடிச்சேன். ஒயரு ரெண்டா மடிச்சா நல்லா வாகா இருக்குது. எத்தனை அடிச்சேன்னு தெரியல. தறி ஓடிட்டு இருந்துச்சு, அவ கத்துனது வெளிய கேட்டிருக்காது. அப்படியே சுருண்டு கெடந்தா. முதுகுல ரவிக்கை ஒட்டிப் போச்சு. நாந்தான் ஆட்டோ வெச்சுத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வேற யாரு போவா? வழுக்கி வுழுந்துட்டான்னு சொன்னேன். அந்த நர்ஸம்மா என்னைப் பாத்த பார்வை இருக்குதே, நான் என்னமோ கொலை பண்ணுனவனாட்ட.

மறுநா இட்லி வாங்கியாரப் போனேன். திரும்பி வந்து பாத்தா கட்டில் காலி. பாப்பா வந்து கூட்டிட்டுப் போயிட்டான்னாங்க. எங்கேன்னு கேட்டா ஒருத்தரும் வாயைத் தெறக்கல. இட்லிப் பொட்டணத்தை வெச்சுட்டு அந்தக் கட்டில்லயே ஒக்காந்திருந்தேன் அம்மிணி. காலேஜுக்குப் போனேன், பாப்பா ஹாஸ்டலை வுட்டே போயிட்டாளாம். துளசிமணியோட அம்மா ஊட்டுக்குப் போனேன், அங்கயும் இல்ல. மச்சானைச் சட்டையைப் புடிச்சு உலுக்கிப் பாத்தேன், அவனுக்கும் தெரியல. புது மானிட்டர் வாங்கி மாட்டி, எனக்குத் தெரிஞ்ச பேரெல்லாம் ஒத்தை வெரல்ல அடிச்சுப் பாத்தேன். பாப்பா பேரு போட்டேன். குலசாமி பேரு போட்டேன். என்ற பேரைப் போட்டேன். இல்லீங்க.

கூட்டிட்டு வந்து என்ன பண்ணுவேனா? என்ன கேள்விங்க இது. வெச்சு வாழ்வேன். அவ இல்லாம ஊடு ஊடாவா இருக்குது? செட்டுல இருந்து உள்ள வந்தா யார்கிட்டப் பேசறதுன்னு தெரியல. நேத்துத் தனியா ஒக்காந்து சோறுண்ணறப்ப அழுதுட்டேனுங்க, உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. வந்த ஒடனே மொதல்ல ரெண்டு குடுப்பேன், அது குடுக்கத்தான் வேணும். குடுக்காட்டி மறுபடியும் போவா. முட்டிக்குக் கீழ ஒண்ணு வெச்சா அப்பறம் படி தாண்ட மாட்டா. கொஞ்ச நாள் படுத்திருப்பா, நானே சோறு ஊட்டி வுடுவேன். பாப்பா படிப்பையும் நிறுத்திப்போட்டு ஊட்லயே வெச்சுக்குவேன். அப்பறம் எல்லாஞ் சரியாப் போயிரும்.

டீயா? எதுக்குங்க சிரமம். சரி, குடுங்க.

என்ன சொன்னீங்க? ஃபார்மட்டு பண்ணட்டுமாவா? எல்லாம் போயிரும், ஒண்ணுந் திரும்ப வராது, சம்மதமான்னு கேக்கறீங்களா? என்ன அம்மிணி, என்னைப் பாத்தா ஒண்ணுந் தெரியாதவனாட்டத் தெரியுதுங்களா? ஃபார்மட்டுன்னா என்னன்னு எனக்குத் தெரியும். மீட்டிங்குல அதெல்லாஞ் சொன்னாங்க. அழுக்கெல்லாம் எடுத்துக் கழுவி வுடறது. பண்ணுங்க. அவ போட்ட பாஸ்வேர்டு, அந்த வாச்மேனுக, வைரஸு, ஒண்ணு பாக்கியில்லாம வழிச்சு எடுத்துப்போடுங்க. புதுசாட்டம் ஓடோணும்.

நல்லா யோசிச்சுத்தான் சொல்றேன். ரெண்டு தடவை கேக்கறதுக்கு என்ன இருக்குது? சம்மதமுங்க, சம்மதம். அமுக்குங்க.

ஒரு கோடு நகுருதே, அதானுங்களா? நல்லா ஓடுது. நீங்க கெட்டிக்காரிதான். ஊட்டுக்காரரு என்ன பண்றாரு? ஓ, தனியாத்தான் இருக்கீங்களா. அதுவுங் கஷ்டந்தான். ஒரு ஆம்பளை தொணை வேணுமுங்க ஊட்டுக்கு. நாடு கெட்டுக் கெடக்குது. எவன் எந்தப் பக்கமிருந்து வருவான்னு தெரியல. எனக்கு மட்டும் அந்த ஆன்லைன்ல திருடறவன் ஒருத்தன் கையில கெடைச்சா, அவன் வெரலை ஒவ்வொண்ணா ஒடைப்பேன். குடும்பத்தை அழிக்கறவனுக அம்மிணி. நான் சிவனேன்னு தறி ஓட்டிட்டு இருந்தவன். அவனுகளால வந்த பயந்தான் என்ற ஊட்டையே கலைச்சுப்போட்டுச்சு.

அட, முடிஞ்சுருச்சா? எங்க, போடுங்க பாக்கலாம்.

ஆத்தாடி! கண்ணு மூடித் தெறக்கறதுக்குள்ள வந்துருச்சே! பாஸ்வேர்டே கேக்கல பாருங்க. வட்டமே சுத்தல. இது இப்படி ஓடும்னு தெரிஞ்சிருந்தா மின்னமே உங்ககிட்ட வந்திருப்பேனே. அவ மேல கை வெக்க வேண்டிய வேலையே இருந்திருக்காதே.

சரி, காட்டுங்க. எந்த ஊருன்னு போட்டிருக்குது?

இல்லியா? இல்லீன்னா என்னங்க அர்த்தம்? வேற எங்கயாச்சும் இருக்கும், தெறந்து பாருங்க. இதென்ன, வெறும் நீலமா இருக்குது. பில்லு எங்க? அவ எழுதுனதெல்லாம் எங்க?

நான் சம்மதஞ் சொன்னேன், ஆமாங்க. கேட்டீங்க, ரெண்டு தடவை கேட்டீங்க. ஆனா நான் அழுக்கைத்தானே எடுக்கச் சொன்னேன்? எல்லாம் போயிருமுன்னா, எல்லாமா? அதை அப்படியேவா பண்ணிருவீங்க?

தெரிஞ்சேதான் பண்ணுனீங்களா?

இருங்க. அதுக்கு மின்னால நீங்க பாத்தீங்கள்ல? என்னைத் தள்ளி உக்காரச் சொல்லிப்போட்டுப் படிச்சுப் பாத்தீங்கள்ல? காதைப் பத்திக் கூடக் கேட்டீங்களே. அப்ப எடம் உங்களுக்குத் தெரியும். இந்தப் பெட்டியில இல்லீன்னாப் போகுது, உங்க தலைக்குள்ள இருக்குது.

சொல்லுங்க அம்மிணி. ஊர் பேரை மட்டுஞ் சொல்லுங்க, நான் எந்திரிச்சுப் போயிட்டே இருக்கேன்.

ஏன் மேசைக்கு அந்தப் பக்கம் போறீங்க? நான் இன்னும் எந்திரிக்கக் கூட இல்லியே. இந்த ஸ்டூலைச் சும்மா நகத்தி வெக்கறேன், அவ்வளவுதான். போனைக் கீழ வைங்க. பக்கத்துக் கடைக்காரங்களை எதுக்குங்க கூப்புடறீங்க? வாசல்ல வந்து நிக்கறாங்க பாருங்க, எல்லாரும் என்ன நெனைப்பாங்க?

ஏனுங்கண்ணா, நீங்களாச்சும் இந்த அம்மிணிகிட்டச் சொல்லுங்க. என்னைப் பாத்தா பொம்பளையாளு மேல கை நீட்டறவனாட்டவா தெரியுது?